ஒடுக்கு எடுத்த சாக்ஸபோன்

எனக்குக் கண் அளவில் ஒரு கர்வம் உண்டு. திருவனந்தபுரத்தில் சர்வே ஆபீஸில் படம் வரைகிறவனாக இருந்தேன். ஒரு வேலியைப் பார்த்தாலே நீளம் சொல்லுவேன். சுவரில் தொங்கும் காலண்டர் நூலிழை சாய்ந்திருந்தாலும் எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். என் மனைவிக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு. "ஒங்க அம்மை ஒங்களை ஸ்கேலோட பெத்துப் போட்டிருக்கா" என்பாள். அந்தக் கண்ணை நம்பித்தான் நான் ஒரு சாக்ஸபோன் வாங்கினேன்.

எனக்கும் சங்கீதத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சம்பந்தம் அவளுக்குத்தான். அவளுடைய அப்பா திருவிதாங்கூர் பட்டாள பேண்டில் சாக்ஸபோன் வாசித்தவர். பாளையத்துப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். காலையில் அவர் கிணற்றடிக்குப் போய் ஒரே சுரத்தை நீளமாக ஊதிக்கொண்டிருப்பாராம். அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அதைத் தூக்கியிருக்கிறாள். பாரம் தாங்காமல் அம்மிமேல் போட்டுவிட்டாள். அகன்ற வாயின் விளிம்பை ஒட்டி நெல்லிக்காய் அளவுக்கு ஒரு ஒடுக்கு விழுந்துவிட்டது.

அப்பா திட்டவில்லை. பேண்ட் மாஸ்டரிடம் தன் கைதான் தவறிவிட்டது என்று சொல்லி, திட்டையும் அவரே வாங்கிக்கொண்டு வந்தார். "நீ போட்ட ஒடுக்குக்குப் பெறவுதான் சத்தம் நல்லா வருது" என்று மகளிடம் சொன்னார். அதன் பிறகு அவர் ஊதும்போதெல்லாம் இவள் பக்கத்தில் நின்று அந்தக் குழியில் விரலை வைத்துக்கொள்வாள். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் விரலுக்கு வரும் என்று எனக்கு விளக்கியிருக்கிறாள்.

அவளுக்கு ஒன்பது வயதில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். சில நாளில் பேண்ட் ஸ்டோரிலிருந்து ஆள் வந்து உடுப்பு, பெல்ட், தொப்பி, சாக்ஸபோன் என்று எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக்கொண்டு போனார். சர்க்கார் சொத்து, யாரைக் குறை சொல்ல முடியும்? வண்டி வரைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தது இவள்தான். அம்மாவும் மகளும் நாகர்கோவிலில் மாமன் வீட்டுக்குப் போனார்கள். மிஞ்சியது பேண்ட்காரர்கள் எல்லாரும் மூன்று வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட ஒரு போட்டோ. கல்யாணமாகி என்னோடு கரமனைக்குக் குடிவந்தபோது அவள் பெட்டியிலிருந்து முதலில் வெளியே வந்தது அந்தப் படம்தான். முன்னறைச் சுவரில் மாட்டினோம். அப்பாவின் முகம் உளுந்து அளவுதான் இருக்கும். அவள் விளக்கேற்றியதும் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள்.

"அதை ஒரே ஒரு மட்டம் பாக்கணும். அந்த ஒடுக்குல வெரல வச்சுப் பாத்தா மதி எனக்கு" என்று ஒரு நாள் சொன்னாள். அவள் சேலை, நகை என்று எதுவும் கேட்கிறவள் அல்ல. கேட்ட ஒரே பொருள் இது. அதனால் அது என் மனதில் தைத்துவிட்டது.

திருவிதாங்கூர்ப் பட்டாளம் இந்தியப் பட்டாளத்தோடு சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். சாலைக் கடைத்தெருவில் பழைய சாமான் கடைகளில் பட்டாளத்துப் பொத்தான்கள், சேணம், உடைந்த முரசு என்று வர ஆரம்பித்தன. ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸ் விட்டு, குடைக்குக் கம்பி மாற்றப் போனவன், ஒரு கடையில் லாந்தர்களுக்கு நடுவே வளைந்த பித்தளைக் குழல் ஒன்று தொங்குவதைப் பார்த்தேன். சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். கறுத்துப்போன பித்தளை. வாயைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பை ஒட்டி ஒரு ஒடுக்கு, நெல்லிக்காய் அளவுக்கு.



"இது எந்த பேண்ட்?" என்றேன்.

"பட்டாளத்து பேண்டில உள்ளதாக்கும் சாரே. ஏலத்துல எடுத்தேன். பாரீசு சாதனம், எழுத்தப் பாருங்க" என்றார் கடைக்காரர். வாய்ப்பக்கம் பூவேலைக்கு நடுவில் ஏதோ எழுத்து இருந்தது, ஒரு நம்பரும் இருந்தது. அதெல்லாம் எனக்கு என்னத்துக்கு? ஒடுக்கு இருக்கிறதே.

இருந்தாலும் நான் அவசரக்காரன் இல்லை. அதை வேறு யாருக்கும் காட்டவேண்டாம் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தேன். அவள் கிணற்றடியில் இருந்தாள். முன்னறையில் அந்தப் போட்டோவின்முன் நின்று பார்த்தேன். இரண்டாவது வரிசையில் அவளுடைய அப்பா. கையில் வளைந்த குழல், அகன்ற வாய். கண்ணாடியில் ஈரம் இறங்கி அந்த இடம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. அதனாலென்ன? வளைவும் வாயும் ஒத்துப்போயின. அளவு எடுத்தாயிற்று என்று திருப்தியோடு திரும்பவும் சைக்கிளில் கடைக்குப் பறந்தேன்.

கடைக்காரருக்கு ஆரம்பத்திலிருந்தே என் சைக்கிளின்மேல் ஒரு கண். முதல் சம்பளத்திலிருந்து மிச்சம் பிடித்து வாங்கிய சீமைச் சைக்கிள் அது. அதை யாரும் தொட விடமாட்டேன். மழையில் நனைந்தால் எனக்கு முன்னால் அதைத்தான் துடைப்பேன். "பணம் வேண்டாம் சாரே, சைக்கிளத் தந்துட்டு இத எடுத்துக்கிடுங்க" என்றார். நான் இரண்டு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கொடுத்திருக்கமாட்டேன்.

நேரே வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். ஆனால் நான் நாஞ்சில் நாட்டுக்காரன். எங்கள் வீடுகளில் பழைய பித்தளையை அப்படியே நடைக்குள் ஏற்றமாட்டார்கள். ஏலத்தில் எடுத்த உருளியோ, கைமாறி வந்த குடமோ, முதலில் ஆசாரியிடம் போய் ஒடுக்கு எடுத்து, புளி போட்டுத் துலக்கி, புதுசுபோல ஆனபிறகுதான் வீட்டுக்குள் வரும். ஒடுங்கிய பாத்திரத்தை ஒரு பெண்ணின் கையில் கொடுப்பது மரியாதை இல்லை. இது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து உடம்பில் ஊறியது. என் கால் தானாகவே பாத்திரத் தெருவுக்கு நடந்தது.

அந்த ஒடுக்கில் விரலை வைக்கத்தானே அவள் கேட்டாள்? இப்போது எழுதும்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. என் மண்டையில் ஒடுக்கு என்பது ஒரு அடையாளம், அவ்வளவுதான். அளக்கிற நிலத்தில் முளைக்குச்சி அடிப்பதுபோல. அளந்து முடிந்ததும் குச்சியைப் பிடுங்கிவிடுவோம்.

ஆசாரி நல்ல வேலைக்காரர். ஒரு மரக்கட்டையை உள்ளே கொடுத்து, வெளியே சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, விரல் வைத்தாலும் தெரியாதபடி விளிம்பை எடுத்துவிட்டார். அதோடு விட்டாரா? முழுக் குழலையும் புளித்தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிவிட்டார். "சாரே, இதுக்குள்ள அங்கங்க தோலு ஒட்டியிருக்கு. எலி கொண்டுபோய் வச்சிருக்கும்போல" என்று ரெண்டு தோல்வட்டத்தைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். ஓட்டைகளை மூடுகிற மெத்தைகள் அவை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குழல் பளபளத்தது. முகம் பார்த்துத் தலை சீவலாம். அதை ஒரு பழைய வேட்டியில் சுற்றிக் கைக்குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு, சாலைக் கடைத்தெருவிலிருந்து கரமனைக்கு வெயிலில் நடந்தே வந்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே சிரிப்பு.

அவள் அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இங்க வா, கண்ண மூடு" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வேட்டியை அவிழ்த்தேன்.

அவள் அதையே பார்த்தாள். பிறகு கைநீட்டி, வாயின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். இன்னொரு சுற்று. என் சிரிப்பு அப்போதுதான் உறைந்தது.

"ஒடுக்கு எங்க?" என்றாள் மெதுவாக.

இருந்தது, என் கண்ணால் பார்த்தேன், ஆசாரியிடம் கொடுத்து எடுத்துவிட்டேன் என்று உளறினேன். எனக்கே என் குரல் கேட்கச் சகிக்கவில்லை. அவள் சாக்ஸபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுவரில் இருந்த போட்டோவை ஒருமுறை பார்த்தாள். பிறகு செம்மண் அப்பியிருந்த என் காலைப் பார்த்தாள்.

"சைக்கிள் எங்க?"

சொன்னேன்.

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குழலைத் திருப்பி, விளிம்பில் ஒரு இடத்தில் என் விரலைப் பிடித்து வைத்தாள். "இந்தா, இங்கதான் இருந்தது. இது அப்பாவுக்க சாக்ஸபோனேதான்" என்றாள். "கொஞ்சம் சின்னதாத் தெரியுது. அப்பம் நான் சின்னப் பிள்ளைல்லா, பெருசாத் தெரிஞ்சிருக்கும்." சொல்லிவிட்டு அழுதாள். ஒடுக்குக்காக அழுகிறாள் என்று நினைத்து நானும் அழுதேன்.

திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து நடந்து வந்தபோது சுவரில் போட்டோ இல்லை. சட்டத்தில் கரையான் ஏறிவிட்டதாகவும், துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டதாகவும் சொன்னாள். கரமனை மழைக்குக் கரையான் புதிதா? வேறு சட்டம் போட்டு வருகிறேன் என்றேன். "பெறவு பாக்கலாம்" என்றாள். அந்த இடத்தில் சுவர் வெளுத்துத் தெரிந்ததால் ஒரு காலண்டர் மாட்டினாள். நான் தினமும் நேராக்கிய காலண்டர் அதுதான்.

நாடகங்களுக்குக் கிளாரினெட் வாசிக்கிற ஒருவர் ரெண்டு தெரு தள்ளி இருந்தார். அவரைக் கூட்டிவந்தேன். புளியில் ஊறி உப்பிய மெத்தைகளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை என்ன, ரசம் வைக்கக் கொண்டுபோனீங்களா?" என்றார். நாலு ஞாயிற்றுக்கிழமை வந்து ஆட்டுத்தோலில் வட்டம் வட்டமாக வெட்டி ஒட்டினார். ஊதுவதற்கு நாணல் சீவலும் அவரே கொடுத்தார். வேலை முடிந்த அன்று, "ஒங்க அப்பா வாசிச்சு நான் கேட்டிருக்கேன் அம்மா, மியூசியம் தோட்டத்துல. ஆனா அவரு கையில இருந்தது..." என்று ஆரம்பித்தார். "அண்ணாச்சி, காப்பி ஆறிப்போச்சே, குடிங்க" என்று அவள் தம்ளரை அவர் கையில் திணித்தாள். அவர் அவளையும் என்னையும் பார்த்துவிட்டுக் காப்பியைக் குடித்தார். நான் அந்தத் தோல் வட்டங்கள் எத்தனை வட்டமாக இருக்கின்றன என்று வியந்துகொண்டிருந்தேன். நம் கண்ணைப் பற்றித்தான் முன்பே சொன்னேனே.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவள் அதை எடுத்துத் துடைப்பாள். பாட்டெல்லாம் வாசிக்க வராது. அப்பாவைப்போல ஒரே ஒரு சுரத்தை, மூச்சு இருக்கும்வரை நீளமாக ஊதுவாள். முதல் மாதம் எருமை கத்துவதுபோல இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா மதில்மேல் தலைநீட்டி, "மோளே, ஆருக்கு வயித்துவலி?" என்று கேட்டார். போகப்போகச் சத்தம் கனிந்தது. அப்போது நான் பக்கத்தில் நின்று, அவள் காட்டிய இடத்தில் விரலை வைத்துக்கொள்வேன். அங்கே ஒன்றும் இல்லை, வழவழவென்று இருக்கும். சத்தத்தில் விரல் அதிரும். ஒரு மகளுக்குத் தகப்பன் விட்டுப்போன அடையாளத்தைத் தட்டி நிரவிவிட்ட பாவி என்று ஒவ்வொரு ஞாயிறும் என்னை நானே திட்டிக்கொள்வேன். அவளிடமும் சொல்லிச் சொல்லி வருந்துவேன். "போட்டும், விடுங்க" என்பாள்.

ஐம்பத்தாறு கடைசியில் தெக்குத் தாலுக்காக்கள் மதராஸ் பக்கம் போயின. அந்தத் தாலுக்காக்களின் படங்களைக் கட்டி நாகர்கோவிலுக்கு அனுப்பினார்கள். படங்களோடு நானும் போகவேண்டும் என்று ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டைக் காலி செய்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். அவள் அடுக்களையில் பாத்திரங்களை வைக்கோல் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய தகரப் பெட்டியைக் காலி செய்தேன். அடியில் கல்யாணச் சேலைக்குக் கீழே, துணியில் சுற்றி அந்தப் போட்டோ இருந்தது.

சட்டத்தில் ஒரு கரையான் தடம்கூட இல்லை. கண்ணாடியை மட்டும் கழற்றியிருந்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். மங்கல் இல்லாமல், காலை வெளிச்சத்தில், இரண்டாவது வரிசையில் அவளுடைய அப்பா நின்றார். அவர் கையில் இருந்த குழலுக்குக் கொக்குபோல மேலே ஏறி வளைந்து இறங்குகிற கழுத்து. எங்கள் வீட்டில் இருப்பதற்கு ஒரே மடிப்பில் மடங்குகிற குட்டைக் கழுத்து. கட்டி வைத்திருந்த என் சாமானிலிருந்து ஸ்கேலை எடுத்தேன். அவர் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அளந்தேன், குழலை அளந்தேன், மூலையில் இருந்த எங்கள் சாக்ஸபோனையும் அளந்தேன். கணக்கே வேண்டாம். அவருடையது பெரிய ஜாதி. ரெண்டு பக்கத்தில் நிற்கிறவர்களில் ஒருவர் கையில் எங்களுடையதைப் போன்ற சின்னது இருந்தது.

தலை நிமிர்ந்தபோது அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பிடி வைக்கோல்.

"எப்பம் தெரியும் ஒனக்கு?" என்றேன்.

"நீங்க வேட்டிய அவுத்தப்பமே."

"பின்னே என்னத்துக்கு அதுதான்னு சொன்னே?"

"வேர்த்து ஒழுகிட்டு நின்னிய. மொகத்துல அப்படி ஒரு சந்தோசம். சைக்கிளும் இல்ல." வைக்கோலைக் கீழே போட்டாள். "இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஆறு வருசம்! இல்லாத ஒடுக்க நெனச்சு நெனச்சு நான் செத்தேனே!"

"எனக்குத் தெரியாதா? எத்தனையோ மட்டம் சொல்லிரலாம்னு வாயெடுப்பேன். சொன்னா ஒடுக்கு சங்கடம் போவும், சைக்கிள் சங்கடம் வரும். ரெண்டுல எதை ஒங்களால தாங்க முடியும்னு எனக்குத் தெரியல்ல" என்றாள்.

கோபம் இறங்கியபோதுதான் மற்றது உறைத்தது. தினமும் விளக்கேற்றிவிட்டு அவள் பார்க்கிற முகம் அது. அவளிடம் இருந்த ஒரே முகம். நான் என்றாவது அந்தக் கழுத்தைக் கவனித்துவிடுவேன் என்று பயந்து, தகப்பனை இறக்கிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். அந்த இடத்தில் தொங்கிய காலண்டரை நான் நேராக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பாவ உள்ள வச்சிட்டியே" என்றேன்.

"பெட்டிதானே. நீங்க ஆபீசுக்குப் போனப்பெறவு தொறந்து பாத்துக்கிடுவேன்" என்றாள். ஏதோ புளி ஜாடியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் மூலையில் இருந்ததைக் காட்டி, "அப்பம் இத என்ன செய்ய? கொண்டுபோய்க் குடுத்திரவா?" என்று கேட்டேன்.

"எதை? எனக்க சாக்ஸபோனையா?" அவளுக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "அப்பாவுக்கு உள்ளது சர்க்காருக்கது. எண்ணி வாங்கிட்டுப் போனாவ. இது எனக்குன்னு நீங்க வாங்கினது. இதை எவனும் வந்து எண்ணிக் கேக்கமுடியாது." அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தானே துணி சுற்ற ஆரம்பித்தாள்.

நாகர்கோவில் வீட்டில் பால் காய்ச்சி முடிந்ததும் நான் செய்த முதல் வேலை முன்னறையில் ஆணி அடித்தது. அவள் போட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கு நேர் கீழே ஸ்டூலில் சாக்ஸபோனை வைத்தோம். நான் மாட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது.

"எடப்பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்றாள்.

என் கண்ணுக்குத் துளியும் சாயவில்லை. அவள் சொன்ன பக்கம் தள்ளி வைத்தேன்.